நான்காவது கட்டம்

உளுந்து பொங்கி வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் என் பதினெட்டு வருஷத்தை நாலு கட்டத்துக்குள் அடைத்தாக வேண்டும். தாரணி நோட்டில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம். என் மகள் காலேஜில் முதல் வருஷம்தான், ஆனால் இன்டர்வியூவில் எப்படிப் பேச வேண்டும் என்று இப்போதே அவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். எனக்கு வகுப்பெடுக்க அவள்தான் இருக்கிறாள். நோட்டை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். கிரைண்டர் சத்தத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலும் யாருக்கும் கேட்காது, ஹாலில் அவர் டி.வி.யைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அவருக்கு வேறு கதி இல்லை. நாளைக்குப் பதினொன்றரை மணிக்கு இன்டர்வியூ. இதே கோயம்புத்தூரில், இதே ஆஸ்பத்திரி லேபில், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் ரத்தம் பார்த்தவளிடம், வாங்க கலாமணி, உங்களைப் பற்றிச் சொல்லுங்க என்று கேட்கப்போகிறார்கள். காம்பிடென்சி இன்டர்வியூ என்று இதற்குப் பெயர். புதிதாக வந்திருக்கிற எச்.ஆர். மேடம் மீட்டிங் வைத்து விளக்கினார். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க மாட்டோம், என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்போம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டி ஆட்டியே எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதுமாம், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

தண்ணீர் கொஞ்சம் தெளிக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து நீர்த்துப்போகும், கைவிரலால் தெளித்துத் தெளித்துத்தான் கொடுக்க வேண்டும், இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது. சூப்பர்வைசர் வேலை முன்பெல்லாம் வரிசைப்படி வரும். பத்மாவதி அக்கா ரிட்டயர் ஆனால் அடுத்தது நான், இது லேப் கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். இப்போது ஆஸ்பத்திரி கைமாறிவிட்டது. லேபில் இனி மெஷின்தான் எல்லாம் பார்க்கும், ஆறு பேர் இருந்தால் போதும், என்னை மாதிரி டிப்ளமோக்காரர்கள் சூலூரில் திறந்திருக்கிற கலெக்‌ஷன் சென்டருக்குப் போக வேண்டும், சூப்பர்வைசராகத் தேர்வானால் மட்டும் இங்கேயே இருக்கலாம். கலெக்‌ஷன் சென்டர் என்றால் ஊசி குத்துவது மட்டும். குத்தி, டியூபில் பிடித்து, பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்பிவிட வேண்டும். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இந்த அணு ஏன் இப்படிக் கோணிக்கொண்டு நிற்கிறது என்று யோசிக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அந்த ஸ்டூல் எனக்கு வேண்டும். போட்டிக்கு நிற்பது ஷெரின். மார்த்தாண்டத்துப் பெண், எம்.எஸ்சி. படித்தவள், வந்து ஐந்து வருஷம் ஆகிறது, ஸ்லைடில் ரத்தத்தை எப்படி இழுப்பது என்று கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நல்ல பெண். அதுவே எரிச்சலாக இருக்கிறது, கெட்டவளாக இருந்தால் மனதுக்குள் திட்டவாவது வசதியாக இருக்கும்.

முதல் கேள்வி. நீங்கள் தலைமை ஏற்று நடத்திய ஒரு சம்பவம். சூழ்நிலை: டெங்கு சீசன், ஒரு நாளைக்கு நானூறு சாம்பிள், இரண்டு பேர் லீவு. பொறுப்பு: ராத்திரிக்குள் ரிப்போர்ட் கொடுப்பது. செய்தது: எல்லோருமாகச் சேர்ந்து செய்தோம். அங்கேதான் தாரணி நிறுத்தினாள். அம்மா, எல்லாரும்னு சொல்லாத, அவங்களுக்கு உன்னையப் பத்தித்தான் தெரியணும், நீ என்ன பண்ணுன? நான் என்ன பண்ணினேன். யார் டீ குடிக்கப் போகலாம், யார் இருக்க வேண்டும் என்று பார்த்தேன். அழுத பெண்ணை முகம் கழுவ அனுப்பினேன். டியூபுகளை வார்டு வாரியாக அடுக்கினேன். இதெல்லாம் தலைமையா, வீட்டில் தினமும் செய்வதுதானே. இரண்டாவது கேள்வி, சக ஊழியருடன் வந்த கருத்து வேறுபாட்டை எப்படித் தீர்த்தீர்கள். சூழ்நிலை: மூன்றாவது மாடி நர்ஸ் ஒருத்தி லேபிள் ஒட்டாமல் டியூப் அனுப்பினாள். செய்தது: அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். விளைவு: இரண்டு வருஷம் பேசவில்லை, அவளும் லேபிள் ஒட்டாமல் அனுப்பவில்லை. தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதுதான் நடந்தது, நடந்ததை நடந்தபடி சொல்லத்தானே சொன்னார்கள். மூன்றாவது, உங்கள் சொந்த முயற்சியால் கொண்டுவந்த ஒரு மாற்றம். இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. நாலாவது, நீங்கள் செய்த தவறும் அதிலிருந்து கற்றதும். இதுவும் காலி. தாரணி கேட்டாள், பதினெட்டு வருஷத்துல ஒண்ணுகூடவாம்மா இல்ல? இல்லை கண்ணு என்றேன். பொய். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சம்பவம் இருக்கிறது, அது நெஞ்சுக்குள் முள்ளாக ஒன்பது வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

பழனிசாமி. ஆண்கள் வார்டு, ஆறாம் நம்பர் கட்டில். ரத்தம் ஏற்ற வேண்டும், குரூப் பார்த்துப் பொருத்தம் பார்க்கச் சாம்பிள் எடு என்று சீட்டு வந்தது. இப்போது மாதிரி கையில் பட்டை கட்டுகிற வழக்கமெல்லாம் அப்போது இல்லை. நான் ஊசித் தட்டோடு போனேன். ஆறாம் கட்டிலில் வெள்ளைத் தலையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பழனிசாமிங்களா என்று கேட்டேன். ஆமாங் என்றார். குத்தினேன், எடுத்தேன், பழனிசாமி என்று எழுதி ஒட்டினேன், பி பாசிட்டிவ், பொருத்தம் பார்த்து பையை மேலே அனுப்பியும் விட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பழைய ரிஜிஸ்தரைப் புரட்டுகிறேன், வேறு எதையோ தேடித்தான் புரட்டினேன், இன்றைக்கு வரைக்கும் எதைத் தேடினேன் என்று ஞாபகம் வரவில்லை. பழனிசாமி, செஞ்சேரிமலை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷன், ஓ பாசிட்டிவ். அதே வயது, அதே ஊர். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி படியில் ஓடினேன், ஒரு செருப்பு நடுவில் கழன்று விழுந்தது, அந்தச் செருப்பை அப்புறம் யாரோ செக்யூரிட்டியிடம் கொடுத்திருந்தார்கள். நான் போகும்போது பையை மாட்டியிருந்தார்கள், நர்ஸ் குழாயைக் கையில் பிடித்திருந்தாள், இன்னும் திறக்கவில்லை, பையைக் கழற்ற வைத்தேன். ஓ குரூப்புக்காரர் உடம்பில் பி ரத்தம் போயிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். ஆறாம் கட்டில் பழனிசாமியை அன்று காலையில்தான் காற்று வருகிறது என்று ஜன்னல் பக்கம் பத்தாம் கட்டிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆறில் இருந்தவர் ரங்கசாமி. நான் அவர் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, ஏனுங்க, நீங்க ரங்கசாமிதானுங்களே, பழனிசாமிங்களான்னு கேட்டப்ப எதுக்குங்க ஆமான்னு சொன்னீங்க என்று கேட்டேன். அவர் பயந்துபோய்க் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "நீங்க கோட்டுப் போட்டுட்டு ஊசியோட வந்து நிக்கறீங். இல்லீங்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு இருந்துச்சுங். படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுங்?" தன் பேர் என்ன என்பதில்கூட அந்த மனுஷன் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அப்படித்தான், ஒருத்தர் கேட்டால் ஆமாங் என்று வாயில் முதலில் வந்துவிடும், கேட்டது என்ன என்று அப்புறம்தான் யோசிப்போம். தப்பு அவருடையது இல்லை. கேட்டவள் கேட்ட விதம் தப்பு.

வழித்துத் தள்ளிவிட வேண்டும், ஓரத்தில் உளுந்து அரைபடாமல் நிற்கிறது. அன்றைக்கே மேனேஜர் குருநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன், அழுதுகொண்டுதான் சொன்னேன், ரிப்போர்ட் எழுதித் தருகிறேன் சார் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? அப்பறம் என்னத்துக்கு எழுதிக்கிட்டு? எழுதினா முதல்ல உங்க வேலைதான் போகும், அப்பறம் என் வேலை. போய் முகத்தைக் கழுவுங்கம்மா." சரிங் சார் என்றேன். மறுநாளிலிருந்து நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நீங்க இன்னாருங்களா என்று யாரையும் கேட்பதில்லை. உங்க பேர் என்னங்க, அப்பா பேர் என்னங்க, எந்த ஊருங்க, அவர்களே சொல்ல வேண்டும், நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மயக்கமாகக் கிடக்கிறவருக்கு வீட்டம்மா சொல்ல வேண்டிவரும், அவர்களோ புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள், எங்க பெரியவனோட அப்பாங் என்பார்கள். அதற்காகக் கையில் சீட்டைக் கொடுத்து, கூட இருக்கிற பையனையோ தம்பியையோ வைத்து எழுதி வாங்கப் பழகினேன். கூட இருந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா, நல்லதுதானே என்றேன். இரண்டு வருஷம் கழித்து தரச் சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வந்தபோது குருநாதன் சார் அதைப் படம் போட்டுக் காட்டினார். பெயரைக் கேட்காதீர்கள், சொல்லச் சொல்லுங்கள். வார்டு வார்டாகப் பலகை மாட்டினார்கள், கீழே அவர் பெயர். ஆண்டு விழாவில் ஷீல்டு கொடுத்தார்கள், அது அவர் ரூமில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். நன்றாகவே தட்டினேன், உள்ளங்கை சிவந்துபோகிற அளவுக்கு. அந்தக் கையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆக, நாளைக்கு மூன்று பேர் எதிரே உட்காருவார்கள். எச்.ஆர். மேடம், பெரிய டாக்டர், குருநாதன் சார். சொந்த முயற்சியால் கொண்டுவந்த மாற்றம் என்ன என்று கேட்டால், இதோ இவர் ரூமில் ஷீல்டாக இருக்கிறதே அதுதான் என்று சொல்ல வேண்டும். எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள், நான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன், அதனால் தோன்றியது என்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட் எங்கே என்று கேட்பார்கள். எழுதவில்லை. ஏன். இவர் வேண்டாம் என்றார். ஒன்பது வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை. அதற்கு நாலு கட்டம் போதாது. வேலை மொத்தமாகவே போகலாம், சூலூர்கூட இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால் டெங்கு சீசனும் அழுத பெண்ணும்தான் என்னிடம் உண்டு. செஞ்சேரிமலை பழனிசாமி வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வருகிறார். பேர் என்னங்க என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி பழனிசாமிங், அப்பா பேரு மாரப்பனுங் என்று நிமிர்ந்து சொல்வார். எதற்காக இவ்வளவு கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. உன்ற கை பூவாட்டம் அம்மிணி, குத்தறதே தெரியறதில்ல என்பார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. வழிக்கலாம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, திரையில் குருநாதன் சார், ஈரக் கையோடு எடுத்துக்கொண்டு சத்தம் கேட்காத இடமாகப் பின்பக்கம் போனேன்.

"என்னம்மா கலாமணி, தயாராயிட்டீங்களா?" ஆமாங் சார். "நல்லது. ஒண்ணு சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். அந்தப் பேர் சொல்லச் சொல்ற விஷயம் இருக்கே, போன வருஷம் அதுக்குக் கணக்கெடுப்பு எல்லாம் பண்ணினது ஷெரின்தானே, அவ நாளைக்கு அதைத்தான் சொல்லப்போறா. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா பேனல்ல நல்லாருக்காது. உங்களுக்கென்ன, பதினெட்டு வருஷம், எவ்வளவோ இருக்கும்." சரிங் சார். "பழசையெல்லாம் கிளறிக்கிட்டு இருக்காதீங்க. உங்களுக்குத்தான் சங்கடம்." சரிங் சார். "சூலூரும் ஒண்ணும் மோசமில்லம்மா, வீட்டுக்குப் பக்கம்தானே?" அதற்கும் ஆமாங் சார் என்றேன். எங்கள் வீடு வடவள்ளியில் இருக்கிறது. சூலூர் ஊருக்கு அந்தக் கோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் வீடு எங்கே இருக்கிறது என்பதில்கூட அந்த ஆளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். ரங்கசாமி கட்டிலை விட்டு எழுந்து நின்றாரே, நானும் பின்பக்கச் சுவரோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன், பக்கத்தில் ஸ்டூல் கிடக்கிறது. ச்சீ என்று வந்தது. அவர்மேல் இல்லை, அவர் அப்படித்தான். என்மேல்.

உள்ளே வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கையை வைத்தால் மாவு சுடுகிறது. உளுந்து சூடேறிவிட்டால் இட்லி கல்லாக வரும், கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படி ஆனது, மாமியார் தட்டை நகர்த்தி வைத்தார். ஸ்விட்சை அணைத்தேன். ஹாலில் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. தாரணி துணிமூட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எச்.ஆர். மேடம் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். "திருமதி கலாமணி, உங்கள் மேலதிகாரியோடு நீங்கள் ஒத்துப்போகாமல், அதை அவரிடம் வெளிப்படையாகச் சொன்ன ஒரு சந்தர்ப்பத்தை விவரியுங்கள்." தேடினேன். நிஜமாகவே தேடினேன். லீவு கேட்டு இல்லை என்றபோது சரிங் சார். நான் கண்டுபிடித்த மலேரியாவை வேறு ஒருவர் கையெழுத்தில் அனுப்பியபோது சரிங் சார். லேபில் இல்லாவிட்டால் வீட்டிலாவது இருக்குமா என்று தேடினேன். மாப்பிள்ளை பிடிச்சிருக்கா கண்ணு என்று அப்பா கேட்டார், மாப்பிள்ளையின் முகத்தையே நான் அப்போது சரியாகப் பார்த்திருக்கவில்லை, ஆமாங்ப்பா என்றேன். மேலே படிக்கறயா, போதுமா என்றார், போதுமுங்ப்பா என்றேன். நாற்பத்து நாலு வயதில் ஒரு இல்லை கிடைக்கவில்லை. தாரணி பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு காத்திருந்தாள். "அம்மா, இது கட்டாயம் வருமாம். ஒண்ணாவது வேணும்."

"எழுதிக்க," என்றேன். "சூழ்நிலை. திங்கக்கெழம, பதினொண்ணரை மணி. ரெண்டாவது மாடி மீட்டிங் ரூம். எதுத்தாப்புல மூணு பேரு, அதுல ஒருத்தர் என்ற மேனேஜர்."

அவள் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, அது நாளைக்கில்ல?"

"நீ எழுது சாமி. பொறுப்பு. பழனிசாமின்னு ஒருத்தரப் பத்திச் சொல்லக் கூடாதுன்னாங்க. செஞ்சது." இங்கே நிறுத்தி, கிண்ணத்துத் தண்ணீரையே எடுத்து ஒரு வாய் குடித்தேன், உளுந்து வாடை அடித்தது. "சொன்னேன்னு எழுது."

"யாரும்மா பழனிசாமி? இன்னும் நீ சொல்லவே இல்லையேம்மா. நடந்ததத்தான் எழுதணும்."

"நீ எழுதிட்டீன்னா, அதுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வராது கண்ணு."

தாரணி என்னையே பார்த்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து, சொன்னேன் என்று மூன்றாவது கட்டத்தில் எழுதினாள், அழுத்தமாகவே எழுதினாள், எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பேனா நாலாவது கட்டத்துக்குப் போய் நின்றது.

"விளைவும்மா?"

நான் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சூடு ஆறாத மாவை வழிக்க ஆரம்பித்தேன்.